பதினாலு நிமிஷ இருட்டு

நான் கதை விடுறேன்னு தோணுச்சுன்னா இப்பவே மூடிட்டுப் போயிடுங்க. நடந்தது எங்க அண்ணனுக்கு. அதுவும் பட்டப்பகல்ல.

அண்ணனுக்குப் பழைய புக் பைத்தியம். பிலிம் கழுவுறது, மருந்து கலக்குறதுன்னு கரையானே வேணாம்னு விட்டுட்டுப் போன புக்கா நாப்பத்தி மூணு சேத்து வச்சிருந்தான். "இன்னும் ஒண்ணு வந்துச்சு, நீ வாசல்லதான்டா படுக்கணும்"னு கிண்டல் பண்ணுவேன். சிரிக்க மாட்டான்.

எல்லாம் கழுவாம வச்சிருந்த ஒரே ஒரு பிலிம் ரோலுக்காக.

பாப்பா பிறந்த மூணாம் நாள் அண்ணி இறந்து போயிட்டாங்க. அதுக்கு முன்னாடி அண்ணன் எடுத்த பன்னெண்டு படம் அதுல இருக்கு. பாப்பாவை அண்ணி தூக்கி வச்சிருக்கிறது உலகத்துலயே அதுல மட்டும்தான். எடுக்கும்போதே அது காலாவதியான பிலிம். கம்பெனியும் மூடியாச்சு, அதை எத்தனை நிமிஷம் கழுவணும்ங்கிற கணக்கும் போச்சு. தப்பா கழுவினா அவ்வளவுதான். ஆறு வருஷமா அந்தக் கணக்கைத்தான் தேடினான்.

நாப்பத்தி நாலாவது புக்ல கிடைச்சுது. அச்சுல ஒம்பது நிமிஷம். ஓரத்துல பென்சில்ல, "பதினாலு. கையால ஆட்டு. எண்ணுறதை நிறுத்தாதே."

இந்த பிலிம் கழுவுற ஆளுங்க அச்சை நம்ப மாட்டாங்க. பென்சிலைத்தான் நம்புவாங்க. யாரோ கையை நனைச்சுப் பார்த்து எழுதினதாச்சே.

"நிஜமா அம்மா வருவாங்களாப்பா?"ன்னு பாப்பா கேட்டா.

"வருவாங்கடா கண்ணு."

மத்தியானம் 2:40. பாத்ரூம் ஜன்னல்ல கறுப்புத் துணி. கதவிடுக்குல துண்டு. கும்மிருட்டு. பிலிமோட ரெண்டு முனையையும் ரெண்டு கையில பிடிச்சு, மருந்துத் தட்டுக்குள்ள ஊஞ்சல் மாதிரி ஆட்டணும். லைட் போட்டா பிலிம் காலி. கடிகாரமும் தெரியாது. அதான் வாய்விட்டு எண்ணினான். ஒரு எண்ணுக்கு ஒரு செகண்ட்.

ஒண்ணு... ரெண்டு...

சளக்... சளக்...

ஐநூத்தி நாப்பது. அச்சுல இருந்த ஒம்பது நிமிஷம் முடிஞ்சுது.

அப்பதான் கேட்டுது. கூடவே இன்னொரு குரல் எண்ணுது.

எதிரொலின்னு நினைச்சான். நிறுத்திப் பார்க்கப் பயம்.

அறுநூத்தி இருபது. இடது கை மரத்துப் போச்சு. முனை நழுவிடுச்சு.

சளக்... சளக்...

பிலிம் ஆடிட்டே இருக்கு.

அந்த முனையை யாரோ பிடிச்சிருக்காங்க.

சுவிட்ச் தலைக்கு மேலதான். போட்டா அண்ணி போயிடுவாங்க.

போடல.

"நீயா?"

கேட்டதுல எண்ண மறந்துட்டான்.

அந்தக் குரல் மறக்கல. அறுநூத்தி முப்பத்தி ஒண்ணு... முப்பத்தி ரெண்டு...

எண்ணூத்தி நாப்பது.

முனை தொப்புனு விழுந்துச்சு.

அடுத்த மருந்துலயும் முக்கி எடுத்துட்டு 3:09-க்கு வெளிய வந்தான். ஈர பிலிமை ஜன்னல் வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சோம். பன்னெண்டு படத்துலயும் ஆஸ்பத்திரி கட்டில் இருக்கு. தலகாணி இருக்கு. பாப்பா அந்தரத்துல இருக்கா. அவளைத் தூக்கி வச்சிருந்த இடம் மட்டும் கண்ணாடி மாதிரி... வெறுமையா. சரியா அண்ணி அளவுக்கு.

"மருந்து பழசுடா"ன்னு சொல்லிட்டே கல்யாண ஆல்பத்தை எடுத்தேன்.

முப்பத்தாறு படம். எல்லாத்துலயும் அண்ணன் தனியா நின்னு சிரிக்கிறான்.

அண்ணியோட அம்மாவுக்குப் போன் போட்டோம். அண்ணியோட ஸ்கூல் குரூப் போட்டோ இருக்கு, பார்த்துச் சொல்றேன்னாங்க. 7:15-க்குத் திரும்பக் கூப்பிட்டாங்க.

"ரெண்டாவது வரிசையில ஒரு இடம் காலியா இருக்குங்க மாப்பிள்ளை. பக்கத்துப் பொண்ணு வெறும் காத்துல கை போட்டிருக்கா..."

அப்புறம் அவங்களே கேட்டாங்க.

"அவ முகம் எப்படி இருக்கும்னு கொஞ்சம் சொல்லுங்களேன். பெத்தவ எனக்கே ஞாபகத்துக்கு வரமாட்டேங்குது."

அண்ணன் வாயைத் திறந்தான்.

ஒண்ணும் வரல.