முதலில் வெள்ளைத் துணி

ஒரு சலவை நிறுவனத்தின் கிளையை எடுத்து நடத்தும் முன் அந்த நிறுவனம் சென்னையில் பயிற்சி தந்தது. சொந்தப் பட்டுப்புடவையில் பழகச் சொன்னார்கள். காஞ்சிபுரத்துச் சாயம் போகாது என்று சோதிக்காமல் நனைத்தேன். சிவப்புக் கரையின் சாயம் வெள்ளைப் புடவை முழுக்க இறங்கியது.

கடை திறந்த வாரம் முசரவாக்கத்து நெசவாளர் ஒருவர் வந்தார். சாமிக்குப் படைத்தபோது, மகளின் முகூர்த்தப் புடவையில் விளக்கிலிருந்த எண்ணெய் கொட்டிவிட்டதாம். மறுவாரம் கல்யாணம். சாயம் போகிறதா என்று ஒற்றிப் பார்க்க ஈர வெள்ளைத் துணியை எடுத்தேன்.

"எங்க தறியில நெய்ஞ்சதுமா. எனக்கே டெஸ்ட்டா?"

"இப்படி நம்பித்தான் என் புடவைய நானே கெடுத்தேண்ணா. டெஸ்ட் பண்ணாம தொட மாட்டேன்."

கரையின் உள்பக்கம் ஒற்றினேன். துணி சிவந்தது. அவர் புடவையை என்னிடம் விட்டுப் போனார். தண்ணீர் படாமல் கறையை எடுத்துக் கொடுத்தேன்.

இப்போதெல்லாம் வாடிக்கையாளர் கண்ணெதிரிலேயே ஒற்றுகிறேன். கோபித்துக்கொண்டு போகிறவர்கள் போகட்டும்.