கல்யாண நாளுக்கு ஒரு மடக்குக் கத்தி

எங்கள் இருபத்தைந்தாவது கல்யாண நாளுக்கு என் வீட்டுக்காரர் எனக்கு ஒரு மடக்குக் கத்தி வாங்கிக் கொடுத்தார்.

இதைச் சொன்னால் பாதிப் பேர் நான் விளையாடுகிறேன் என்று நினைக்கிறார்கள். மீதிப் பேர் எங்களுக்குள் ஏதோ சரியில்லை என்று முடிவு செய்து, பேச்சை வேறு பக்கம் திருப்பிவிடுகிறார்கள். இரண்டு வாரத்துக்கு முன்பே அவர் என்னிடம், "ஒனக்கு என்னா கலர் புடிக்கும்?" என்று கேட்டிருந்தார். கால் நூற்றாண்டில் அவர் என்னிடம் இப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை. பட்டுப் புடவை என்று நினைத்துக்கொண்டு, "பச்ச" என்றேன்.

கத்தியின் கைப்பிடி பச்சையாக இருந்தது. கிளிப்பச்சை.

அவர் கிள்ளான் துறைமுகத்தில் ஒரு கிடங்குக்குப் பொறுப்பாக இருப்பவர். உலகத்தில் மனிதர்களுக்கு வரும் எல்லாக் கஷ்டமும் கையில் சரியான சாமான் இல்லாததால்தான் வருகிறது என்பது அவருடைய நம்பிக்கை. அன்று மத்தியானம் பிரிக்பீல்ட்ஸில் வாழையிலைச் சாப்பாட்டுக்குப் போயிருந்தோம். நான் பல் கிளினிக்கில் உதவியாளர். கூட வேலை செய்யும் பெண் காலையில்தான் என் நகங்களுக்கு அழகாகச் சாயம் பூசிவிட்டிருந்தாள். நகைப்பெட்டி மாதிரி சின்னதாக ஒரு பெட்டியை அவர் இலைக்குப் பக்கத்தில் வைத்தபோது, அந்தப் பெண்ணுக்கு மனதுக்குள் நன்றி சொன்னேன்.

பெட்டியைத் திறந்து பார்த்தேன். அவரைப் பார்த்தேன். மறுபடி பெட்டியைப் பார்த்தேன்.

"தெறந்து பாரு," என்றார்.

அது திறக்கவில்லை. கத்தியின் முதுகில் நகம் வைத்து இழுக்க ஒரு பள்ளம் இருந்தது. இழுத்தேன். கத்தி அசையவில்லை, நகம் பாதியில் ஒடிந்தது. அவர் வாங்கி, கிடங்கில் பெட்டி பிரித்துத் தடித்துப்போன தன் கட்டை விரல் நகத்தால் படக்கென்று திறந்தார்.

"ஈஸி லா. இங்க பாரு, எப்படி வெட்டுதுன்னு."

வெட்டிக் காட்ட அவருக்குக் கிடைத்தது என் வாழையிலை. ஓரத்தில் ஒரு கோடு போட்டார். வெண்ணெய் மாதிரி வெட்டியது, மறுக்க முடியாது. அந்த வழியாக ரசம் முழுவதும் இறங்கி என் மடிக்கு வந்தது.

சாயங்காலம் என் தங்கை போனில் இதைக் கேட்டதும், "கத்தியப் பரிசா குடுத்தா ஒறவு அறுந்துபோயிடும்னு சொல்வாங்களேக்கா. மாமாவுக்குத் தெரியாதா?" என்றாள்.

"ரசம் கொட்டுனப்பவே பாதி அறுந்துபோச்சி," என்றேன்.

கத்தியைச் சமையலறை இழுப்பறையில், தீர்ந்துபோன பேட்டரிகளோடு போட்டு வைத்தேன். அவர் அதை எடுத்து என் கைப்பையில் போட்டார். நான் திரும்ப இழுப்பறையில் போட்டேன். இப்படியே சில வாரம் போனது.

"வெளிய போறப்ப தேவப்படும்," என்பார்.

"நான் பல் கிளினிக்குக்குப் போறேங்க. சண்டைக்கா போறேன்?"

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பெட்டாலிங் ஜெயாவில் ஒரு நகைச்சுவை மேடை நிகழ்ச்சிக்கு நானும் தங்கையும் போனோம். வாசலில் பையைச் சோதித்தார்கள். உள்ளே கைவிட்ட காவலர், நல்ல உயரமான தமிழ் ஆள், பச்சைக் கத்தியை வெளியே எடுத்துத் தூக்கிப் பிடித்தார். எனக்குப் பின்னால் நின்ற வரிசை கொஞ்சம் விலகியது. தங்கை என்னை யாரென்றே தெரியாதவள் மாதிரி சுவரொட்டியைப் படிக்க ஆரம்பித்தாள்.

"ஆன்டி, இது என்னா?"

"என் வீட்டுக்காரரு குடுத்த பரிசு."

அவர் முகத்தில் ஒரு பரிதாபம் வந்தது. திறக்கப் பார்த்தார். முடியவில்லை. பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்தார், அவராலும் முடியவில்லை. மூன்றாவதாக ஒருவர் வந்து, பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்து, விரலை உதறினார்.

"ஆன்டி, இத வெச்சி யாரையாச்சும் குத்தணும்னா, அவங்கள கொஞ்ச நேரம் காத்திருக்கச் சொல்லணும்," என்றார் முதல் காவலர். ஆனாலும் விதி விதிதான் என்று ஒரு நம்பர் அட்டையைக் கொடுத்துவிட்டுக் கத்தியை வாங்கி வைத்துக்கொண்டார்.

எனக்கு இது நல்ல வாய்ப்பாகப் பட்டது. நிகழ்ச்சி முடிந்ததும் அட்டையைத் திருப்பிக் கொடுக்காமல் கூட்டத்தோடு கூட்டமாக வெளியேறினேன். கார் நிறுத்துமிடம் வரை வந்துவிட்டோம். பின்னால் பூட்ஸ் சத்தம் கேட்டது.

"ஆன்டி! ஒங்க கத்தி!"

சுற்றி இருந்த அத்தனை பேரும் திரும்பினார்கள். மூச்சு வாங்க ஓடிவந்த அந்த நல்ல மனிதர் கத்தியை இரண்டு கையாலும் கொடுத்தார். நானும் இரண்டு கையால் வாங்கிக்கொண்டேன். வேறு என்ன செய்ய?

மாற்றம் கிளினிக்கில்தான் வந்தது. ஒரு நாள் காலை கையுறைப் பெட்டிகள் பத்து வந்து இறங்கின. எல்லாவற்றிலும் பட்டை பட்டையாக டேப். கத்தரிக்கோலைக் காணவில்லை. நாற்காலியில் நோயாளி வாயைத் திறந்தபடி கிடக்கிறார், டாக்டர் கையுறை இல்லாத இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு என்னைப் பார்க்கிறார். பையில் இருந்து கத்தியை எடுத்தேன். வழக்கம்போல வரவில்லை. அப்போதுதான் பல் துளைக்கும் கருவிக்கு அடிக்கும் எண்ணெய் டப்பா கண்ணில் பட்டது. கத்தியின் மூட்டில் ஒரு தடவை பீய்ச்சி, நாலு தடவை ஆட்டினேன். ஒரு சின்ன முனகலோடு திறந்துகொண்டது. மறுபடி மூடித் திறந்தேன். பட்டுப்போல வந்தது. எனக்கு அது ஒரு விதத்தில் பாவமாக இருந்தது. இத்தனை மாதமாக அதற்குத் தேவைப்பட்டது ஒரு சொட்டு எண்ணெய். அதைப் பற்றி நான் ஊரெல்லாம் குறை சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறேன்.

அதன் பிறகு அது பையிலேயே இருந்தது. கொய்யாப்பழம் வெட்டினேன். பூச்சரத்து நூலை அறுத்தேன். டாக்டருடைய மூக்குக் கண்ணாடித் திருகை அதன் நுனியால் முடுக்கிக் கொடுத்தேன். வீட்டில் இது எதையும் சொல்லவில்லை. சொன்னால் வீட்டுக்காரர் தான் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொள்வார்.

அந்த ரகசியம் கிள்ளானில், தங்கை மகளின் கல்யாணத்தில் உடைந்தது. முகூர்த்தத்துக்கு முன் பெண் கூரைப் புடவை மாற்ற உள்ளே வந்தாள். அவள் போட்டிருந்த ரவிக்கையின் முதுகில், குஞ்சம் வைத்த கயிற்றைக் காலையில் நாலு பேர் சேர்ந்து இழுத்து முடிச்சுப் போட்டிருந்தார்கள். இப்போது அந்த முடிச்சு அவிழவில்லை. வெளியே நாதஸ்வரம். ஐயர், "பொண்ண அழச்சிண்டு வாங்கோ," என்று மைக்கில் இரண்டாம் தடவை சொல்லிவிட்டார். அலங்காரம் செய்த பெண்ணிடம் இருந்தது புருவம் வெட்டும் குட்டிக் கத்தரி. கயிற்றைக் கண்டதும் அது வளைந்துபோனது. மாப்பிள்ளை வீட்டு அத்தை ஒருவர், "தள்ளுங்க," என்று சொல்லிப் பல்லால் கடிக்க ஆரம்பித்தார்.

"ஆன்டி, கூசுது," என்றாள் பெண். "பெரியம்மா, ஏதாச்சும் பண்ணுங்க லா. என்னால மூச்சு விட முடியல."

நான் கத்தியை எடுத்தேன். ஒரு விரலால் திறந்தேன். அந்த அத்தை வாயை எடுத்துக்கொண்டு நாலடி தள்ளி நின்றார். கயிற்றுக்கும் முதுகுக்கும் நடுவில் என் இடது விரலைக் கொடுத்து, ஒரே இழுப்பு. குஞ்சம் தரையில் விழுந்தது. பெண் ஆழமாக ஒரு மூச்சு விட்டாள். நானும் விட்டேன்.

தாலி கட்டி முடிவதற்குள் மண்டபம் முழுக்கத் தெரிந்துவிட்டது, பெண்ணின் பெரியம்மாவிடம் கத்தி இருக்கிறது என்று. சமையல்காரர் பால் பாக்கெட்டுக்குக் கேட்டார். வாசலில் தோரணக் கயிற்றோடு மல்லுக்கட்டிய இரண்டு மாமாக்கள் கேட்டார்கள். ஐயரே, தேங்காய் நாரைக் காட்டிக் கையை நீட்டினார். ஒவ்வொரு தடவையும் நான் கூடவே போய், வேலை முடிந்ததும் துடைத்து வாங்கிக்கொண்டேன். என் வீட்டுக்காரர் பந்தியில் இலைக்கு இலை நின்று, "நான்தான் வாங்கிக் குடுத்தேன். வேணான்னு சொன்னா," என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவரைத் தடுக்க வழியில்லை.

அடுத்த மாதம் ஒரு சனிக்கிழமை, பூச்சோங்கில் எங்கள் வீட்டு கேட்டுக்குச் சாயம் அடிக்கிறேன் என்று கிளம்பினார். நான் குளித்துவிட்டு வந்தபோது மேசை மேல் கத்தி இருந்தது. நுனி இல்லை.

"என்னா பண்ணீங்க?"

"சாய டின்னு மூடிய நெம்புனேன். கொஞ்சூண்டுதான் லா ஒடஞ்சிருக்கு."

"வீட்டுல எட்டு ஸ்க்ரூடிரைவர் இருக்கு."

"இதுதான் கைக்கு வந்துச்சி."

அவரோடு இரண்டு நாள் பேசவில்லை. கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவர் எத்தனையோ உடைத்திருக்கிறார். அம்மா கொடுத்த பீங்கான் கிண்ணம், ஒரு தடவை காரின் பின்பக்கம் முழுவதும். அதற்கெல்லாம் நான் பேசாமல் இருந்ததில்லை. இதற்கு ஏன் இவ்வளவு கோபம் என்று எனக்கே விளங்கவில்லை. அவருக்கும் விளங்கவில்லை. ஆனால் பயந்துவிட்டார் என்று தெரிந்தது. சாப்பிட்டதும் சோற்றுப் பானையைத் தானே கழுவி வைத்தார்.

மூன்றாம் நாள் வேலையிலிருந்து வந்து ஒரு பெட்டியைக் கொடுத்தார். புதுக் கத்தி. பளபளவென்று சிவப்பு, கைக்கு அடக்கம், சின்ன விரல் பட்டாலே திறந்துகொள்கிறது. உண்மையிலேயே அழகான கத்தி. திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

"நல்லா இருக்கு," என்றேன். "நீங்களே வெச்சிக்குங்க. இனிமே என்னுதக் கேக்காதீங்க."

அவர் சிவப்புக் கத்தியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். நான் மொட்டை நுனியோடு இருந்த பச்சைக் கத்தியைத் திறந்து, ஒரு பொமெலோ பழத்தின் தோலைக் கீற ஆரம்பித்தேன். நுனி இல்லாததால் உள்ளே சுளையைக் குத்தவில்லை. முன்பை விட நன்றாகவே உரிந்தது. இதை மட்டும் அவரிடம் இன்னும் சொல்லவில்லை.