டாக்டரம்மா கேட்ட சத்தம்

கார்களுக்குப் பாட்டு செட் மாட்டும் வேலையில் அவருக்கு இருபத்தாறு வருஷம். தெருவில் வைத்த பட்டப்பெயர் 'காதுக்காரர்'. கதவைச் சாத்திக்கொண்டு வண்டிக்குள் அரை நிமிஷம் உட்காருவார். "பின்னாடி இடது ஸ்பீக்கர் கிழிஞ்சிருக்கு" என்பார். கழற்றிப் பார்த்தால் கிழிந்துதான் இருக்கும்.

பக்கத்துத் தெரு பல் டாக்டரம்மா ஒரு புது ஆம்ப்ளிஃபயர் வாங்கி வந்து இவரிடம்தான் மாட்டச் சொன்னார். மறுவாரமே திரும்பி வந்தார்.

"பாட்டு நல்லாத்தான் இருக்கு. ஆனா கூடவே கீய்னு ஒரு சத்தம் வருது. ஆக்ஸிலேட்டரை மிதிச்சா அதுவும் சேர்ந்து ஏறுது."

காதுக்காரர் பாட்டை நிறுத்தி, எஞ்சினை ஓடவிட்டு, கண்ணை மூடிக் கேட்டார்.

"ஒண்ணும் இல்லையே டாக்டரம்மா."

"இல்லையா? இதோ, இப்பக்கூட வருதே!"

"ஏசி காத்தா இருக்கும்."

"எனக்குத் தெரியாத சத்தமாங்க? நாள் முழுக்க அப்படிக் கத்துற மெஷினைத்தானே கையில பிடிச்சுக்கிட்டு நிக்கிறேன்!"

காதுக்காரர் சிரித்து மழுப்பினார். ஒயர்களை இறுக்கி அனுப்பினார். இரண்டாம் முறை வந்தபோது பாட்டு வரும் ஒயரையே மாற்றிப் போட்டார். மூன்றாம் முறை டாக்டரம்மா வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினார். சாவியை மேஜைமேல் வைத்துவிட்டு நடந்தே போய்விட்டார்.

மனைவிக்கு இரண்டு கடை தள்ளித் தையல் வேலை. மதியம் சாப்பாட்டோடு வந்தவளிடம், "அந்தம்மா காதுக்குள்ளதான் வண்டு புகுந்திருக்கு" என்றார்.

"தள்ளுங்க, நான் கேக்குறேன்" என்று அவள் வண்டிக்குள் ஏறி உட்கார்ந்தாள். அவர் ஆக்ஸிலேட்டரை மிதித்தார்.

"இருக்கே! கொசு கிட்ட வந்த மாதிரி. ஐயோ, பல்லு கூசுது, விடுங்க."

விளையாடுகிறாளோ என்று அவள் முகத்தைப் பார்த்தார். விளையாட்டு இல்லை. இன்னும் கொஞ்சம் மிதித்தார். எஞ்சின் உறுமியது மட்டும்தான் அவருக்குக் கேட்டது.

எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, அவளை உள்ளேயே இருக்கச் சொல்லிவிட்டு டிக்கியைத் திறந்தார். ஆம்ப்ளிஃபயரின் எர்த் ஒயருக்கும் பேட்டரிக்கும் நடுவே மீட்டரை வைத்துப் பார்த்தார். தொடர்பு சரியில்லை; அதனால்தான் அந்தக் கீய் சத்தம். வண்டியின் இரும்பில் எர்த் ஒயரை முடுக்கிய இடத்தில் பெயிண்ட் பாதிதான் சுரண்டியிருந்தது. அவரே அவசரத்தில் செய்த வேலை. இரும்பு பளிச்சென்று தெரியும்வரை சுரண்டி, திரும்ப முடுக்கினார்.

"இப்ப?"

"நின்னுடுச்சு!"

கோளாறு பிடிபட்ட சந்தோஷத்தில் அவள் இறங்கி வந்தாள். அவர் டிக்கி விளிம்பில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

"என்னங்க ஆச்சு?"

"எனக்கு அது கேக்கவே இல்ல."

அந்த வாரமே காது டாக்டரின் ஆஸ்பத்திரிக்குப் போனார். அங்கே அவரைக் கண்ணாடி வைத்த ஒரு சின்ன அறைக்குள் உட்காரவைத்து, சத்தம் கேட்கும்போதெல்லாம் பட்டனை அழுத்தச் சொன்னார்கள். முதலில் டக் டக்கென்று அழுத்தினார். பிறகு வெகுநேரம் ஒன்றுமே வரவில்லை. முடிந்துவிட்டதென்று நிமிர்ந்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் இன்னும் குமிழைத் திருகிக்கொண்டுதான் இருந்தாள்.

"தாழ்ந்த சத்தம் எல்லாம் கேக்குது. உயர்ந்த சத்தம் போயிடுச்சு, அது திரும்பாது" என்றார் டாக்டர். "மூடின காருக்குள்ள அவ்வளவு சத்தத்துல வேலை பார்த்திருக்கீங்க. அஞ்சாறு வருஷமாவே போயிட்டிருந்திருக்கும். பொம்பளைங்க, குழந்தைங்க மெதுவாப் பேசினா கேக்காமயே போகும்."

அன்று சாயங்காலம் வெளியூரில் இருக்கும் மகளுக்குப் போன் போட்டார். கல்யாணமாகி மூன்று வருஷம். மருமகன் அவள்மேல் கை நீட்டுகிறவன் என்பது ஒரு வருஷம் கழித்துத்தான் இவருக்குத் தெரிந்தது. "ஏம்மா முன்னாடியே வாயைத் திறக்கல?" என்று அப்போது அவளைத்தான் கோபித்துக்கொண்டார். "நானே சமாளிச்சுக்கிறேன்" என்று மட்டும் அவள் சொன்னாள்.

"உங்கப்பன் செவிடாயிட்டான்மா" என்று வேடிக்கையாக ஆரம்பித்து விஷயத்தைச் சொன்னார்.

அவள் சிரிக்கவில்லை. "எப்பத்துலேருந்துப்பா?"

"அஞ்சாறு வருஷமாம்."

பிறகு அவள் உரக்க, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள்.

"கல்யாணத்துக்குத் துணி எடுத்துட்டு வந்தோமே, அன்னைக்கு நான் பின் சீட்டுல இருந்தேன். இந்தக் கல்யாணம் வேண்டாம்ப்பா, அவரைப் பார்த்தா பயமா இருக்குன்னு சொன்னேன். ரெண்டு தடவை சொன்னேன். நீங்க திரும்பிக்கூடப் பார்க்கல. அப்பா முடிவு பண்ணிட்டாருன்னு நானும் விட்டுட்டேன்."

அவருக்கு அந்தப் பயணம் நினைவிருந்தது. மனைவி ஊரில் இல்லாத நாள். மகள் கண்ணாடி வழியே வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். வெட்கப்படுகிறாள் என்று நினைத்திருந்தார்.

மறுநாள் கடையைத் திறக்கவில்லை. கணவனும் மனைவியும் முதல் பஸ்ஸில் மகள் வீட்டுக்குப் போனார்கள். மருமகன் வேலைக்குப் போயிருந்தான். அவர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு மகளுக்கு நேர் எதிரே உட்கார்ந்தார்.

"இப்ப சொல்லும்மா. உன் வாயையே பார்த்துக்கிட்டு இருக்கேன்."

அவள் அழுதாள். அவரும் அழுதார்.

அவள் உடனே கிளம்பி வந்துவிடவில்லை. எட்டு மாசம் கழித்து ஒரு பெட்டியோடு வந்தாள். இப்போது அம்மாவோடு தையல் கடையில் இருக்கிறாள். அவர் பாட்டு செட்டைத் தொடுவதில்லை. ஹெட்லைட், வைப்பர் ஒயரிங் மட்டும் பார்க்கிறார். வீட்டில் மகள் எதிரே வந்து நின்றுதான் பேசுகிறாள். சில சமயம் மறந்துபோய், முதுகைக் காட்டிக்கொண்டு மெதுவாக எதையோ சொல்வாள். அவர் எழுந்து போய், "என்னம்மா சொன்னே?" என்று கேட்பார்.

"ஒண்ணுமில்லப்பா" என்பாள்.