மாமனார் மோதிரத்துக்கு மணிமுத்தாற்றுக் கல்

கல் தேய்ப்பதில் என்னை மிஞ்ச விருத்தாசலத்தில் ஆள் கிடையாது. இதைச் சொல்ல எனக்குக் கூச்சமே இல்லை. அந்தக் காலத்தில் அங்கே வேறு யாருமே கல் தேய்க்கவில்லை என்பாள் என் மனைவி. சொல்லிவிட்டுப் போகட்டும்.

எழுபதுகளின் தொடக்கம். பீங்கான் கம்பெனி ஒன்றில் கிளேஸ் பிரிவில் எனக்கு வேலை. கப், ஊறுகாய் ஜாடி, ஃபியூஸ் கட்டை எல்லாவற்றையும் கிளேஸ் கரைசலில் முக்கி எடுத்துச் சூளைக்கு அனுப்புவோம். வெந்து வரும்போது கண்ணாடியாய்ப் பளபளக்கும். எனக்குக் கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை. மாமனாருக்குத் திட்டக்குடியில் ஜவுளிக்கடை. கப்பலில் ஹஜ்ஜுக்குப் போய்வந்தவர். மக்காவில் வாங்கிய வெள்ளி மோதிரம் அவர் வலக்கையில் எப்போதும் இருக்கும். அதில் ஈரல் சிவப்பில் ஓர் அகீக் கல். அவர் எதைப் பேசினாலும் அந்த விரல்தான் முதலில் முன்னே வரும்.

நோன்பு தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்பு மகளைப் பார்க்க வந்தவர், தொழுகைக்காக எங்கள் கிணற்றடியில் கைகால் கழுவி ஒளு செய்தார். மோதிரத்துக்கு அடியிலும் தண்ணீர் படவேண்டுமே என்று அதைச் சுழற்றினார். கல் கழன்று கிணற்று விளிம்பில் தட்டி உள்ளே போய்விட்டது. பாதாளக்கரண்டி போட்டுத் துழாவினோம். எப்போதோ விழுந்த வாளி வந்தது, கயிறு வந்தது. கல் வரவில்லை.

மாமா பொக்கையாய் நின்ற மோதிரத்தைக் கழற்றவும் மனம் வராமல், கையைச் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டார். பஸ் ஸ்டாண்டு வரை வெளியே எடுக்கவே இல்லை. கூட வந்திருந்த மச்சானுக்கோ, அதாவது என் மனைவியின் அண்ணனுக்கு, நான் பீங்கான் கம்பெனிக்குப் போவதே இளக்காரம்.

"என்னா மாப்ள, அத்தா கல்ல ஒங்க வூட்டுக் கெணறு முழுங்கிடுச்சே! மண்ணு பிசையிற கையால நீங்களே ஒண்ணு செஞ்சி குடுங்களேன், பாப்போம்" என்றார்.

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் நிற்கும். "குடுக்கத்தான் போறேன் மச்சான்! மாமா அந்தக் கல்லோடதான் பெருநாள் தொழுவப் போவாங்க" என்று சொல்லிவிட்டேன். மாமா பஸ் ஜன்னலோரம் உட்கார்ந்து என்னைத் திரும்பிப் பார்த்தார். கேலியாகப் பார்த்திருந்தால் தேவலை. மனிதர் நம்பிக்கையாகப் பார்த்தார். பஸ் போன பிறகுதான் என்ன சொல்லித் தொலைத்தோம் என்று எனக்கு உறைத்தது.

கடையில் ஒரு கல் வாங்கிக் கொடுத்திருக்கலாம். ஆனால் செய்து தருகிறேன் என்று வாயை விட்டாயிற்று. மணிமுத்தாற்றில் இறங்கிச் சரளைக் கற்களின் மேல் குனிந்தபடியே நடந்தேன். எதையோ தொலைத்துவிட்டேன் என்று நினைத்து, துணி துவைத்துக்கொண்டிருந்தவர்களும் கூடச் சேர்ந்து தேடினார்கள். கடைசியில் எலுமிச்சம்பழ அளவில் ஒரு கல் கிடைத்தது. நனைத்து வெயிலில் பிடித்தால் அதன் ஓரத்தில் அப்படியொரு சிவப்பு! சுத்தியலால் போட்டேன். சொன்னபடி கேட்டு இரண்டாகப் பிளந்தது.

பளபளப்பு என்றால் சூளைக்காரனுக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். கிளேஸில் முக்கு, நெருப்பில் வை. பாண்டங்களை அடுக்கும் மண்பெட்டியின் மூலையில் சொந்த பொம்மை, சொந்தக் கிண்ணம் என்று எதையாவது வைத்துச் சுட்டுக்கொள்வது எங்களிடையே வழக்கம். நானும் பாதிக் கல்லை முக்கி வைத்தேன். சூளை திறந்த அன்று எல்லோரும் சுற்றி நின்றார்கள். சிவப்பு சுத்தமாகப் போய், வெளுத்து வெடித்து, சோளப்பொரி மாதிரி கிடந்தது என் அகீக்.

"கஞ்சிக்குத் தொட்டுக்க எடுத்துட்டுப் போடா!" என்று கூட்டாளிகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

வீட்டில் மனைவி சிரிக்கவில்லை. "கம்பெனியில இருக்கறவங்களுக்கு எதக் கண்டாலும் சுட்டுத்தான் பாக்கணும். அது என்ன களிமண்ணா வேவுறதுக்கு? கல்லுங்க!" என்றாள்.

மிச்சமிருந்த பாதியை அரக்கு உருக்கி மூங்கில் குச்சியின் நுனியில் ஒட்டினேன். சூளைக்குள் தட்டாகப் போடும் கறுப்புப் பலகை உடைந்தால் குப்பையில் எறிவார்கள். இரும்பையே ராவிவிடும் பலகை அது. ஒரு துண்டை எடுத்துவந்து, தண்ணீர் தெளித்துத் தெளித்து அதில் கல்லைத் தேய்த்தேன். பிறகு அதே பலகையை இடித்து, கிளேஸ் வடிகட்டும் சல்லடையில் சலித்து, அந்த மாவில் தேய்த்தேன். தினமும் வேலை விட்டு வந்து நோன்பு திறக்கும்வரை இதே கதிதான். விரல்நுனியில் ரேகை போய்விட்டது. கல் மட்டும் புளியங்கொட்டை மாதிரி முதுகு உருண்டு, வழவழவென்று வந்தது. ஆனால் பளபளப்பைக் காணோம். நனைத்தால் அகீக், காய்ந்தால் செங்கல்.

பெருநாள் நெருங்கிவிட்டது. ஒரு சாயங்காலம் மனைவி பொறுக்கமாட்டாமல் கேட்டாள். "அத்தாகிட்ட எப்பிடிக் குடுப்பீங்க? ஒரு கிளாஸ் தண்ணியில போட்டா?"

அவ்வளவுதான், எனக்குத் தலைக்கேறிவிட்டது. "தூக்கி அதே கெணத்துல போடு! ஒங்க வூட்டு மோதிரத்துக்கும் எனக்கும் சம்பந்தமே இல்ல!"

அவள் கல்லைப் பிடுங்கினாள். கொடியில் கிடந்த என் வேலைத் துண்டு ஈரமாக இருந்தது. அதில் வைத்துக் கல்லைத் தேய்த்துக்கொண்டே பிடித்தாள் ஒரு பிடி. என் வாய்க்கொழுப்பு, என் வீறாப்பு, கல்யாணத்தன்று நான் பந்தியில் கோபித்துக்கொண்டது, ஒன்றையும் விடவில்லை. நானா சளைத்தவன்? எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருந்தேன். நான் பேசப் பேச அவள் இன்னும் அழுத்தித் தேய்த்தாள். சண்டை முடிகிற வழியாக இல்லை. கடைசியில் எறியக் கையை ஓங்கியவள் அப்படியே நின்றாள்.

"இங்க வாங்களேன்" என்றாள். குரலே மாறியிருந்தது.

கல்லின் முதுகில் எங்கள் வீட்டு ஜன்னல் தெரிந்தது. கம்பி கம்பியாகத் தெரிந்தது. ஊதிப் பார்த்தேன், சட்டையில் துடைத்துப் பார்த்தேன். காய்ந்த கல்தான்! துண்டை விரித்தால் ஒரே வெள்ளைப் பொடி. கிளேஸுக்கு வெண்மை தருவதற்காகக் கலக்கும் டின் ஆக்சைடு. அன்றைக்கு அதை எடை போட்டுவிட்டு இந்தத் துண்டில்தான் கை துடைத்திருந்தேன். நாள் முழுக்க என் கையில் இருந்த பொடி! யா அல்லா, அவளைத் தூக்கி ஒரு சுற்று சுற்றினேன். நோன்பு திறக்கும் பாங்கு சொன்னதுகூட எங்கள் காதில் விழவில்லை.

மறுநாள் மேஸ்திரியிடம் கேட்டு ஒரு பொட்டலம் பொடி வாங்கிவந்தேன். பழைய தோல் பெல்ட்டில் தடவி இரண்டு பேரும் மாற்றி மாற்றித் தேய்த்தோம். பெருநாளுக்கு முந்தைய நாள் திட்டக்குடிக்கு பஸ் ஏறினோம். மாமா மோதிரத்தைக் கழற்றித் தந்தார். கடைத்தெரு ஆசாரி கல்லைப் பதித்துக் கொடுத்தார். மாமா அதை விரலில் மாட்டி, வெளிச்சத்தில் இப்படியும் அப்படியும் திருப்பினார். என் தோளைத் தட்டிவிட்டு உள்ளே போய்விட்டார்.

மறுநாள் தொழுகை முடிந்து எல்லோரும் கைகொடுத்துத் தழுவிக்கொண்டோம். பக்கத்துக் கடைக்காரர் மாமாவின் கையை விடவே இல்லை.

"ஹாஜியாரே, ஜோரான கல்லு! ஏமன் நாட்டுச் சரக்கா?"

"ஆமாங்க, மக்காவுலேர்ந்து ஆளு விட்டு வரவழைச்சது" என்று மச்சான் முந்திக்கொண்டார்.

மாமா கையை உயர்த்தினார். "பெருநாளு அதுவுமா பொய் பேசாதடா! விருத்தாசலம் ஆத்துக் கல்லுங்க இது. எம் மருமவன் கையால தேச்சது!"

பள்ளிவாசலே திரும்பிப் பார்த்தது. நான் பாதம் தரையில் படாமல்தான் வீட்டுக்கு வந்தேன். பிரியாணி பரிமாறிக்கொண்டிருந்த மனைவியிடம், மாமா சொன்னதை ஓர் எழுத்து விடாமல் சொன்னேன். அவள் கரண்டியை நிறுத்தினாள்.

"மருமவன் கையாலன்னா சொன்னீங்க அத்தா? அப்ப என் கையி?" என்று தொடங்கி, கிணற்றில் எறியச் சொன்னது வரைக்கும் மொத்தச் சண்டையையும் போட்டு உடைத்துவிட்டாள். மச்சானுக்குப் புரையேறியது. மாமா கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

பெருநாள் வாழ்த்துச் சொல்லச் சாயங்காலம்வரை ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். ஒவ்வொருவரிடமும் மாமா வலக்கையை நீட்டினார்.

"பாருங்க, எம் மவளும் மருமவனும் சண்டை போட்டே மெருகேத்துன கல்லு!"