அக்கா முகம் காட்டாமல் பேசிய நிகழ்ச்சி

எங்கள் அக்கா கொக்குவிலில், மூன்று பிள்ளைகளில் மூத்தவராகப் பிறந்தார். ஐயா காலமான பின்னர் அம்மா எங்களைக் கூட்டிக்கொண்டு கொழும்புக்கு வந்து வெள்ளவத்தையில் குடியேறினார். அக்கா பம்பலப்பிட்டியில் ஒரு சட்டத்தரணியின் கந்தோரில் தட்டெழுத்தாளராக வேலை பார்த்து என்னையும் தங்கையையும் படிப்பித்தார். அவருடைய பொறுமையைப் பற்றியும் இரக்க குணத்தைப் பற்றியும் மற்றவர்கள் இந்த நினைவு மலரில் எழுதியிருக்கிறார்கள். நான் எழுத வேண்டியது வேறொன்று. அதை மறைத்துவிட்டு இந்த ஆண்டுத் திவசத்தைச் செய்ய எனக்கு மனம் வரவில்லை.

அக்காவுக்குப் பன்னிரண்டு வயதிலிருந்து வலிப்பு நோய். இந்தச் சொல்லை எங்கள் வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. "பிள்ளைக்கு மயக்கம்" என்பார் அம்மா. கிளினிக் அட்டை அலுமாரியில் சேலைகளுக்கு அடியில் கிடக்கும். வலிப்பு வந்தால் ஓடிப்போய்ச் சாவிகள் கோத்த இரும்புத் திறப்புக்கோர்வையைக் கொண்டுவந்து அக்காவின் கையில் திணிப்போம். இரும்பு பட்டால் நிற்கும் என்று நம்பினோம். அது எப்படியும் தானாகவே நிற்கும். பெயர் மட்டும் திறப்புக்குப் போகும்.

கொழும்பில் கெடுபிடி கூடியிருந்த ஒரு மாதத்தில், காலி வீதிச் சோதனைச்சாவடியில் அடையாள அட்டையோடு வரிசையில் நின்ற அக்கா அப்படியே விழுந்துவிட்டார். வாயில் நுரையைக் கண்டதும் ஒரு சிப்பாய் "சயனைட்! சயனைட்!" என்று கத்தினான். தமிழ்ப் பெண், வாயில் நுரை, கைப்பைக்குள் மாத்திரை. அவன் வேறு எதை நினைப்பான்? விழுங்கியதை வெளியே எடுக்கவென்று வாயைப் பிளந்ததில் முன்பற்கள் இரண்டு உடைந்தன. பிறகு பொலிசுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். நான் கிளினிக் அட்டையோடு பொலிசுக்கு ஓடி, "லெடக் மாத்தயா, லெடக்" என்று, இது நோய்தான் என்பதை எனக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில் மன்றாடி, பின்னேரம்தான் அவரைக் கூட்டிவந்தேன்.

வீட்டுக்கு வந்து அந்தச் சிப்பாயை நான் திட்டித் தீர்த்தேன். அக்கா வாயில் துணியை அமத்திக்கொண்டு சொன்னார்.

"அவனைப் பேசாதை. அவன் நஞ்செண்டு நினைச்சு வாயைப் பிளந்தான். நீங்கள் பேயெண்டு நினைச்சுத் திறப்பைத் தாறியள். ஒருத்தருக்கும் தெரியேல்லை, அவ்வளவுதான்."

தெரியப்படுத்த வேண்டும் என்ற பிடிவாதம் அன்று அவருக்குள் புகுந்தது. சில மாதங்களில் அதற்கு வழியும் வந்தது. தொலைக்காட்சியில் வலிப்பு நோய் பற்றித் தமிழில் ஒரு நிகழ்ச்சி செய்கிறார்கள், நோயுள்ள ஒருவர் பேச வேண்டும், கேட்டவர்கள் எல்லோரும் மறுத்துவிட்டார்கள் என்று கிளினிக் டொக்டர் சொன்னாராம். அக்கா அந்த இடத்திலேயே சம்மதித்துவிட்டார்.

அப்போது தங்கைக்குக் கனடா மாப்பிள்ளை ஒன்று பேசிக்கொண்டிருந்தோம்.

"உங்கட முகம் டீவியில வந்தா, தங்கச்சியைக் கேட்டு ஆர் வருவினம்? திரும்பி இருந்து முதுகைக் காட்டிப் பேசுங்கோ" என்றேன்.

"முதுகைப் பாத்து ஆரடா நம்புவினம்?" என்று மட்டும் கேட்டார் அக்கா.

எங்கள் வீட்டிலேயே படம் பிடித்தார்கள். தீபாவளிக்கு வாங்கி உடுக்காமல் வைத்திருந்த நீலச் சேலையை அக்கா உடுத்தியிருந்தார். கதிரையைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பி வைத்தவன் நான். வாயில் எதையும் வைக்கக்கூடாது, அமத்திப் பிடிக்கக்கூடாது, ஒருபக்கமாகச் சரித்துப் படுக்கவைக்க வேண்டும் என்று அக்கா ஒவ்வொன்றாகச் சொன்னார். "இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை" என்று முடித்தார். அதையும் சுவரைப் பார்த்துத்தான் சொன்னார்.

குரலையும் மாற்றித்தான் போட்டார்கள். ஒளிபரப்பான அன்று, பேசியது அக்கா என்று தெரியாத பக்கத்து வீட்டு அன்ரியும் எங்களோடு இருந்து பார்த்தார். "பாவம், வெக்கத்தில முகத்தைக் காட்டேல்லைப் போல" என்றார். "ஓம் அன்ரி, அப்பிடித்தான் இருக்கும்" என்றார் அக்கா. அந்தக் கனடாச் சம்பந்தம் சாதகம் பொருந்தவில்லை என்று விட்டுப்போயிற்று.

பிறகொரு நாள் அக்கா எங்கள் ஒழுங்கை முகப்புப் பலசரக்குக் கடை வாசலில் விழுந்தார். செய்தி கேட்டு நான் ஓடிப்போனபோது, கடைக்கார முஸ்லிம் நானா அவரைச் சரித்துப் படுக்கவைத்து, தலைக்கடியில் சாக்கை மடித்து வைத்து, மணிக்கூட்டைப் பார்த்தபடி இருந்தார்.

"பயப்பட வாணாம் தம்பி. இப்பிடித்தான் செய்யணுமெண்டு டீவீல ஒரு பொம்புள சொன்னாங்க. ஆரெண்டு தெரியா, முதுகு மட்டும்தான் காட்டினாங்க."

கண் திறந்திருந்த அக்கா என்னைப் பார்த்தார். "அப்பிடியா நானா" என்று மட்டும் சொல்லி அக்காவைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்துவிட்டேன். "அந்த மனுசனுக்கெண்டாலும் சொல்லியிருக்கலாம்" என்றார் அக்கா வீட்டில். தங்கச்சியின் கலியாணம் முடியட்டும் என்றேன். அதுவும் வேறிடத்தில் நல்லபடியாக முடிந்தது. அக்கா பிறகு கேட்கவில்லை. நானும் கதையை எடுக்கவில்லை.

இனிச் சொல்வது தங்கைக்கும் தெரியாது. அந்த நிகழ்ச்சிக்காரர்கள் இன்னொரு தடவை தொலைபேசி எடுத்தார்கள். இம்முறை முகம் காட்டிப் பேச அக்கா வருவாரா என்று கேட்டார்கள். அக்கா குசினிக்குள் நின்றார். "அவ ஊரில இல்லை" என்று சொல்லி வைத்துவிட்டேன். "ஆரடா?" என்று கேட்டார். "பிழையான நம்பர்" என்றேன். தடுக்க எனக்கு ஒரு காரணமும் மிச்சமிருக்கவில்லை. பழக்கம், அவ்வளவுதான்.

சென்ற ஆண்டு அக்கா தெஹிவளையில் பஸ்ஸுக்கு நின்ற இடத்தில் விழுந்தார். கூடியவர்கள் நல்ல சனங்கள். மல்லாக்கக் கிடத்தி, கைகாலை அமத்திப் பிடித்து, யாரோ திறப்புக்கோர்வையைக் கையில் வைத்து, நினைவு திரும்பு முன்னரே சோடா பருக்கியிருக்கிறார்கள். அது நெஞ்சுக்குள் போய்க் காய்ச்சலாகி, ஆறாம் நாள் அக்கா எங்களை விட்டுப் போனார். ஆஸ்பத்திரியில் தந்த பொருட்களுக்குள் அந்தத் திறப்புக்கோர்வையும் இருந்தது. யாருடையது என்று இன்றுவரை தெரியாது. அவர்கள் அந்த நிகழ்ச்சியைப் பார்த்திருப்பார்களோ, முதுகை நம்பாமல் விட்டார்களோ என்று நினைக்காமல் என்னால் இருக்க முடியவில்லை.

அவரைப் பார்த்த டொக்டருக்கும் தாதியருக்கும், இறுதிக் கிரியைகளில் தோள்கொடுத்தவர்களுக்கும், பாதை மூடியிருந்ததால் வர முடியாமல் யாழ்ப்பாணத்திலிருந்து கடிதம் எழுதிய உறவுகளுக்கும் எங்கள் நன்றி. பஸ் தரிப்பில் உதவ ஓடிவந்தவர்களுக்கும் நன்றி. அவர்கள்மேல் எங்களுக்குக் கோபமில்லை.

கடைக்கார நானாவுக்குத் தனியாக ஒரு நன்றி. நானா, டீவியில் நீங்கள் பார்த்த முதுகு எங்கள் அக்காவுடையது. இந்த மலரின் முதற்பக்கப் படத்தில் நீலச் சேலையோடு சிரிப்பவர் அவர்தான். உடைந்த பல்லைத் திருத்தித் தரட்டுமா என்று ஸ்ரூடியோக்காரர் கேட்டார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். படத்தின் கீழே, அவர் அன்று சொன்னவற்றை அச்சிட்டிருக்கிறோம். அந்தப் பக்கத்தை வெட்டி உங்கள் கடைச் சுவரில், வருகிறவர்கள் எல்லோருக்கும் தெரியும்படி ஒட்டிவிடுங்கள். இம்முறை நான் தடுக்கமாட்டேன்.

தம்பி
வெள்ளவத்தை