சீர் பீரோவுக்கு அடித்த பச்சை

அன்று எங்கள் வீட்டுக் கூடத்தில் இருந்தவர்கள் என் மாமனார், மாமியார், மாமனாரின் அக்கா, நான். மனைவி இல்லை, போட்டித் தேர்வு எழுதச் செங்கல்பட்டுக்குப் போயிருந்தாள். என் அப்பாவும் அம்மாவும் கூரத்தில் நடவு வேலையில் இருந்தார்கள். வந்தவர்களின் கணக்குப்படி இல்லாதது இன்னொன்றும் உண்டு: கல்யாணத்துக்கு அவர்கள் சீராகக் கொடுத்த தேக்கு பீரோ. என் கணக்கில் அந்த பீரோ அவர்கள் கண்ணெதிரே சுவரை அடைத்துக்கொண்டு நின்றுகொண்டிருந்தது. இந்த இரண்டு கணக்கும் ஒத்துப்போவதற்குள் இரண்டு குடும்பங்களும் ஒரு சலூன் கடைக்காரரும் பட்ட பாட்டைத்தான் எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவன் நான். அதனால் செய்முறை தெரிந்தால் எதையும் செய்துவிடலாம் என்று மனசார நம்புகிறவன். ஏனாத்தூரில் ஒரு கல்லூரியில் ஆய்வக உதவியாளர் வேலை. நம்பிக்கைக்கு அங்கேயும் தீனி கிடைக்கும். கல்யாணம் ஆனதும் காஞ்சிபுரத்திலேயே ஒரு மாடிப் போர்ஷனை வாடகைக்கு எடுத்தோம். சீர் கட்டிலும் சீர் பீரோவும் போக, வருகிறவர்கள் உட்கார ஒன்றும் இல்லை. புதிதாக வாங்கக் காசில்லை என்று சொல்லியிருக்கலாம். நான் அப்படிச் சொல்லவில்லை. பழைய சாமானை வாங்கிப் புதுப்பிப்பது ஒரு ரசனை என்று மனைவியிடம் சொன்னேன். கைபேசியில் ஆதாரமும் காட்டினேன். வெள்ளைக்காரப் பெண்மணி ஒருத்தி தெருவில் கிடந்த மேஜையை எடுத்து வந்து, தேய்த்து, வெளிர்நிறம் பூசி, மேலே ஒரு பூ ஜாடியை வைப்பாள். வீடியோ முடிவதற்குள் அவள் வீடு மாளிகையாகிவிடும்.

வாலாஜாபாத்தில் ஒரு காயலான் கடை பிடித்தேன். அங்கிருந்து கால் ஆடுகிற பள்ளிக்கூட பெஞ்சு ஒன்று, ஆபீஸ் ஸ்டூல் ஒன்று, கதவில்லாத டிவி ஸ்டாண்டு ஒன்று, ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. பெயிண்டுக்குச் செலவே இல்லை. வீட்டுக்காரர் சுவருக்கு அடித்தது போக அரை வாளி பச்சை மீந்திருந்தது. அதில் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் மாவைக் கலந்தால் கடையில் ஆயிரக்கணக்கில் விற்கும் பெயிண்டுக்கு நிகராகிவிடும் என்று அந்தப் பெண்மணி சொல்லியிருந்தாள். மனைவி பிள்ளையார்பாளையத்துத் தறிக்காரர் வீட்டுப் பெண். வாளியை எட்டிப் பார்த்ததுமே, "இது ஏலக்காய்க் கலருங்க" என்று பெயர் வைத்தாள். பெஞ்சு சோபாவானது. ஸ்டூல், செடி வைக்கும் பீடமானது.

எல்லாம் முடிந்தும் வாளியில் பெயிண்ட் இருந்தது. சிக்கனமாக வாழ முடிவெடுத்தவனுக்கு மீந்த பெயிண்டைப்போல ஆபத்தானது வேறில்லை. அந்த வெளிர்பச்சைக் கூட்டத்துக்கு நடுவில் சீர் பீரோ மட்டும், காப்பிப்பொடி நிறத்தில், வார்னிஷ் பளபளப்போடு, கல்யாணத்துக்கு வந்துவிட்டுத் திரும்பிப் போக மறந்த உறவுக்காரரைப்போல நின்றது.

"இதையும் பண்ணிடலாமா?" என்றேன்.

"பண்ணலாம்" என்றாள் மனைவி. பிற்பாடு இந்த ஒரு வார்த்தையை நான் பல இடங்களில் எடுத்துச் சொல்ல வேண்டி வந்தது.

அரைகுறையாக எதையும் செய்து எனக்குப் பழக்கமில்லை. உள்ளும் புறமும் அடித்தேன். கைப்பிடிகளைக் கழற்றிவிட்டுப் பித்தளை போலத் தெரியும் குமிழ்கள் வைத்தேன். கதவில் அன்னப்பறவை ஜோடி போட்ட ஆளுயரக் கண்ணாடி இருந்தது. அதை எடுத்துக் காயலான் கடையில் கொடுத்து, பதிலுக்கு அந்தக் குமிழ்களையும் ஒரு பழைய நாற்காலியின் பிரம்புப் பின்னலையும் வாங்கி வந்தேன். பின்னலைக் கதவில் பொருத்தினேன். கடைசியாக, ஓரங்களில் உப்புத்தாள் போட்டு, அடித்த பெயிண்டை அங்கங்கே தேய்த்து எடுத்தேன். அப்போதுதான் காலங்காலமாகப் புழங்கிய சாமான்போல இருக்குமாம்.

இந்த நிலையில்தான் மாமனார் வீட்டார் வந்தார்கள். கல்யாணத்துக்குப் பிறகு முதல் வரவு. மாமனாரின் அக்கா எனக்கு முறைப்படி பெரியம்மா. பெஞ்சில் உட்கார்ந்தவர், அது ஆடவே எழுந்துகொண்டார். பிறகு அறையைச் சுற்றிலும் பார்த்தார்.

"இன்னா மாப்ள, பீரோ வேற மாதிரி இருக்குதே?"

"ஆமா பெரிம்மா. மாத்திட்டேன்" என்றேன் பெருமையாக.

பெரியம்மா மாமனாரைப் பார்த்தார். மாமனார் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"எங்க மாத்தின?"

"வாலாஜாபாத்ல ஒரு காயலான் கடை இருக்குது பெரிம்மா. எல்லாம் அங்க புடிச்சதுதான்."

"எவ்ளோ ஆச்சு?"

"சொன்னா நம்ப மாட்டீங்க. எல்லாம் சேத்தே அறுநூறு ரூபா."

"நம்பறேன்" என்றார் பெரியம்மா.

மாமியார் பீரோவின் ஓரத்தை விரலால் தொட்டுப் பார்த்தார். "இங்கெல்லாம் சாயம் போயிருக்குதே" என்றார் மெதுவாக. பட்டு நெய்கிறவர்கள் வீட்டில் சாயம் போனது என்பதைவிடக் கேவலமான சொல் கிடையாது. அது அப்போது என் காதில் அப்படி விழவில்லை.

"அது நானே பண்ணது அத்தை. பழசு மாதிரி தெரியணும்னு ஒக்காந்து தேச்சேன்."

"கதவுல இன்னா, ஓட்ட ஓட்டையா?"

"பிரம்பு அத்தை. துணிக்கு நல்லா காத்து போவும்."

மாமனார் தொண்டையைச் செருமினார். மாப்பிள்ளையிடம் நேராக எதையும் கேட்டுப் பழகாதவர். "எதுனா கஷ்டம்னா சொல்லணும் மாப்ள. மறைக்கக் கூடாது. நாங்க எதுக்கு இருக்கறோம்?"

"கஷ்டம் ஒன்னும் இல்ல மாமா. அந்தத் தேய்க்கிறது ஒன்னுதான் கஷ்டம்."

காப்பியைப் பாதியில் வைத்துவிட்டுக் கிளம்பினார்கள். அன்று சாயங்காலமே ஆட்டோவில் ஒரு சிப்பம் அரிசி வந்து இறங்கியது. ஏலக்காய்ப் பச்சை அவர்களுக்கு அவ்வளவு பிடித்துவிட்டது என்று எடுத்துக்கொண்டேன்.

மனைவி தேர்வு முடிந்து வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் அவள் அம்மாவிடமிருந்து போன். அந்தப் பக்கம் அழுகைச் சத்தம் எனக்கே கேட்டது. அவள் போனைக் கையால் பொத்திக்கொண்டு, "என்னாங்க சொன்னீங்க அவங்ககிட்ட?" என்றாள்.

"பீரோவ மாத்திட்டேன்னு சொன்னேன்."

"அய்யோ" என்றாள். சிரிக்கவும் ஆரம்பித்தாள். ஆனால் அதற்குள் பெரியம்மா போனை வாங்கியிருந்தார். அவர் பேசியது போனில்லாமலே தெருவுக்குக் கேட்டிருக்கும்.

"நாலு மாசத்துல சீர வித்து, காயலான் கடை பீரோவ கொண்டாந்து நிறுத்தி வெச்சிருக்கான். அடுத்தது உன் கழுத்துல இருக்கறதுதான். நாளைக்கு நான் வரேன். துணிய எடுத்து வெச்சிரு. நாலு பேர் வந்து பேசி ஒரு முடிவு தெரியற வரைக்கும் நீ இங்க இரு."

மனைவியின் சிரிப்பு நின்றுவிட்டது. பெரியம்மா சொன்னால் செய்கிறவர். தவிர, பீரோவில் பாதி அவர் பணம். தம்பி மகளுக்கு அத்தை செய்யும் சீர் என்று கையிலிருந்ததைக் கொடுத்திருந்தார்.

மறுநாள் காலை பெரியம்மாவும் மாமனாரும் வந்தார்கள். நான் லீவு சொல்லிவிட்டு ஆதாரங்களோடு தயாராக இருந்தேன். இது அதே பீரோதான் என்று மனைவி சொன்னதை, "புருஷன வுட்டுக் குடுக்காம பேசற" என்று பெரியம்மா வந்ததுமே தள்ளிவிட்டார். முதலில் கைபேசியில், பெயிண்ட் அடிப்பதற்கு முன் எடுத்த படங்களைக் காட்டினேன்.

"போன்ல இன்னா வேணா பண்றானுங்கப்பா" என்றார் பெரியம்மா. "என் பேரன் என்னயே பதினெட்டு வயசுப் பொண்ணா காட்றான்."

மாமியாரிடம் இருந்த மாற்றுச் சாவியை மாமனார் கொண்டு வந்திருந்தார். போட்டார், திறந்தது. எனக்கு உயிர் வந்தது.

"கைப்புடிய கழட்டினவனுக்கு பூட்ட கழட்டி இதுல மாட்ட எவ்ளோ நேரம் ஆவும்?" என்றார் பெரியம்மா.

உப்புத்தாளை எடுத்துக் கதவில் ஓர் உள்ளங்கை அகலத்துக்குத் தேய்த்துக் காட்டினேன். உள்ளே காப்பிப்பொடி நிறம் தெரிந்தது. "எந்தப் பழைய பீரோவத் தேச்சாலும் உள்ள இதான் இருக்கும்" என்றார் பெரியம்மா. தர்க்கப்படி அவர் சொன்னது சரி. என் ஆய்வகத்தில் இவ்வளவு கறாரான ஆள் ஒருவரும் இல்லை.

"அந்த அன்னம் போட்ட கண்ணாடி எங்க? அத காட்டு, நான் வாய மூடிக்கினு போறேன்."

நடந்ததைச் சொன்னேன். இவ்வளவு நேரம் என்னையே இரக்கத்தோடு பார்த்துக்கொண்டிருந்த மாமனார், கண்ணாடி என்றதும் கலவரமானார். "கண்ணாடிலாம் எதுக்குக்கா? வுடு. நான் மாப்ளய நம்பறேன்."

என்ன பெருந்தன்மை என்று நெகிழ்ந்துபோனேன்.

"நீ எதுக்கு நம்பற? கெளம்பு. வாலாஜாபாத் இன்னா வடநாட்லயா இருக்குது?"

நால்வரும் பஸ் ஏறினோம். மனைவி துணிப்பையைக் கையோடு எடுத்து வந்தாள். திரும்பும்போது எந்த வீட்டுக்குப் போக வேண்டியிருக்குமோ என்று அவளுக்கே தெரியவில்லை. காயலான் கடைக்காரர் எங்களைப் பார்த்ததும், "அந்தக் கண்ணாடியா? வந்த வேகத்துல போயிட்ச்சே சார்" என்று பக்கத்துத் தெரு சலூனைக் கைகாட்டினார்.

சலூனில், முகமெல்லாம் சோப்பு நுரையோடு ஒருவர் நாற்காலியில் சாய்ந்திருந்தார். அவர் எதிரே எங்கள் கண்ணாடி. இரண்டு அன்னங்களும் அவர் தலைக்கு இரண்டு பக்கமும் கழுத்தை வளைத்துக்கொண்டிருந்தன.

"இதான்" என்றேன்.

"அன்னம் போட்ட கண்ணாடி ஊர்ல ஆயிரம் இருக்குது" என்றார் பெரியம்மா. "இதுல உம் பொண்டாட்டி பேரா எழுதியிருக்குது? போதும்பா. நீ வாம்மா, நாம பிள்ளையார்பாளையம் போவலாம்." மனைவியின் கையைப் பிடித்தார்.

மாமனார் கண்ணாடியைப் பார்த்தார். மகளின் கையிலிருந்த துணிப்பையைப் பார்த்தார். பிறகு நுரைக்காரரைச் சுற்றிக்கொண்டு போய், இடப்பக்க அன்னத்தின் தலையில் விரலை வைத்தார்.

"இது நம்ம கண்ணாடிதான்க்கா."

"எப்டி சொல்ற?"

"இதுக்குக் கண்ணு இல்ல."

எல்லோரும் குனிந்து பார்த்தோம். நுரைக்காரரும் பார்த்தார். வலப்பக்க அன்னத்துக்கு வட்டமாக ஒரு கண் இருந்தது. இடப்பக்கத்துக்கு இல்லை. நாலு மாதம் அந்தக் கண்ணாடியில் தலை சீவியிருக்கிறேன். ஒருநாளும் நான் அதைக் கவனித்ததில்லை.

"கடையில போட மறந்துட்டானுங்க" என்றார் மாமனார், தரையைப் பார்த்துக்கொண்டு. "அதனாலதான் ரெண்டாயிரம் கம்மி பண்ணி குடுத்தான்."

"எங்கிட்ட முழு வெல சொல்லித்தான பாதி வாங்கின?"

மாமனார் துண்டை மறு தோளுக்கு மாற்றிப் போட்டுக்கொண்டார்.

"கண்ணில்லாத அன்னத்தையா பொண்ணுக்கு சீரா குடுத்த?" பெரியம்மாவின் குரல் இப்போதுதான் உண்மையாகவே ஏறியது. "பாத்தவங்க இன்னா நெனப்பாங்க? தள்ளுபடில தள்ளினத தம்பி பொண்ணு தலையில கட்டினா அத்தக்காரின்னு பேச மாட்டாங்க?"

"கண்ணு இல்லன்னு நானும் சொல்லிப் பாத்தேம்மா" என்றார் சலூன்காரர், கத்தியைத் துடைத்தபடி. "அந்தக் காயலான் கடைக்காரன் ஒரு பைசா கொறைக்கல. நீங்க கெட்டிக்காரருண்ணே."

அவர் மாமனாரைப் பாராட்டினார். ஆனால் கண்ணாடியைத் திருப்பிக் கேட்டபோது அந்தப் பாராட்டைக் கழித்துக்கொள்ளவில்லை. புதுக் கண்ணாடி வாங்கி மாட்டுகிற செலவு, மூவாயிரத்து ஐந்நூறு, அதற்குக் குறைந்து அவர் இறங்கவில்லை. ஒரு பக்கம் மட்டும் சவரம் ஆகியிருந்தவர் அவசரப்படுத்தியதால் நாங்களும் நீட்டிப் பேச முடியவில்லை. வண்டிக்குத் தொள்ளாயிரம்.

கண்ணாடி வண்டியில் போனது. நாங்கள் பஸ்ஸில் வந்தோம். பெரியம்மா தம்பியோடு ஒரு வார்த்தை பேசவில்லை. என்னிடம், "நீங்க ஜன்னலோரம் ஒக்காருங்க மாப்ள, காத்து வரும்" என்றார். கல்யாணமான நாள் முதலாக அவர் வாயிலிருந்து எனக்குக் கிடைத்த முதல் மரியாதை அது. மனைவி துணிப்பையை என் மடியில் வைத்துவிட்டுத் தூங்கிப்போனாள்.

பின்சீட்டிலிருந்து மாமனார் குனிந்து என் காதருகே சொன்னார்: "அந்த ரெண்டாயிரத்த நான் சாப்புடல மாப்ள. ரிசப்ஷனுக்கு உங்களுக்கு ஷூ எடுத்தோம் இல்ல, அதுலதான்."

நான் காலைப் பார்த்தேன். அதைத்தான் போட்டிருந்தேன். காலைச் சீட்டுக்கடியில் இழுத்துக்கொண்டேன்.

அதோடு விஷயம் தீர்ந்தது. பீரோ பச்சையாகவே இருக்கட்டும் என்றாள் மனைவி. "மாப்ள இஷ்டம்" என்றார் மாமியார். மாமனார் வீட்டு வழக்கில் 'மாப்ள இஷ்டம்' என்றால் பழையபடி ஆக்கு என்று பொருள்; அந்தப் பாடம் மட்டும் எனக்குத் தாமதமாகப் புரிந்தது. பாலிஷ் போடுகிறவரை அழைத்து வந்தேன். அவர் பீரோவைச் சுற்றி வந்து, பிரம்பில் விரலை விட்டுப் பார்த்து, நாக்கைச் சப்புக்கொட்டினார்.

"யாரு சார் தேக்குல இந்த அநியாயத்த பண்ணது?"

"தெரியலப்பா" என்றேன். "செகண்ட்ஸ்ல வாங்கினது."

"அதான பாத்தேன்" என்று சொல்லி, ஆறாயிரத்து ஐந்நூறு கேட்டார். பேரம் பேச எனக்கு வாய் வரவில்லை.

கண்ணாடி திரும்பவும் கதவில் ஏறிய அன்று பெரியம்மா வந்தார். பாதிக்குப் பாதி என்று தம்பியிடமிருந்து ஆயிரம் ரூபாயைக் கறாராக வாங்கிக்கொண்ட பிறகு வந்த முதல் வரவு. வழியிலேயே கடையில் நின்று ஒரு பொட்டு அட்டை வாங்கியிருந்தார். அதிலிருந்து ஒரு மெரூன் ஸ்டிக்கர் பொட்டை எடுத்து, கண்ணைச் சுருக்கி அளவு பார்த்து, இடப்பக்க அன்னத்தின் முகத்தில் ஒட்டினார். அட்டையின் விலை பத்து ரூபாய் என்று மறக்காமல் சொன்னார். ஆடுகிற பெஞ்சை விட்டுவிட்டு, ஸ்டூல் மேலிருந்த செடியை இறக்கிவிட்டு அதில் உட்கார்ந்தார்.

அரிசியை யாரும் திரும்பக் கேட்கவில்லை. அதைத் தின்று தீர்த்துவிட்டோம். மற்றபடி, நான் முதலில் பெருமையாகச் சொன்ன அந்த அறுநூறையும் பெரியம்மாவின் பொட்டு அட்டையையும் சேர்த்து, அந்த பீரோ பழையபடி அதே பீரோவாக ஆவதற்கு எங்கள் இரண்டு குடும்பங்களுக்கும் ஆன செலவு பதினோராயிரத்து ஐந்நூற்றுப் பத்து ரூபாய்.