வேனுக்குச் சட்டை தைத்தவர்

மயிலாத்தாள் உள்ளங்கையால் தொட்டுப் பார்ப்பதில்லை; புறங்கையால்தான். வேனின் கூரையை உள்ளிருந்து ஒருமுறை, பக்கச் சுவரை ஒருமுறை, கட்டிலுக்கு மேலே இருக்கும் பலகையை ஒருமுறை. கையை வைத்ததும் எதையோ காதுகொடுத்துக் கேட்பவர் மாதிரி கண்ணை மூடிக்கொள்கிறார். "உள்ளங்கைக்கு ஒண்ணுமே தெரியாதுங்க கண்ணு. அத்தன வருசம் அயர்ன் பாக்ஸ் புடிச்ச கை. நெருப்ப வெச்சாக்கூடச் சும்மா இருக்கும்" என்கிறார். பிறகு, "இன்னுங் கொஞ்ச நேரம் தொறந்தே கெடக்கட்டும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு கீழே இறங்குகிறார். வெளியே இருப்பதைவிட உள்ளே சூடு குறைவாக இருக்கிற கணத்தைப் பிடித்துக் கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் அடைத்துவிட வேண்டும். கோடைக் காலையில் அவருடைய முதல் வேலை அந்தக் கணத்துக்காகக் காத்திருப்பதுதான்.

சென்னை ராயபுரம் இல்லை, எங்கள் பின்னலாடை ஊர் ராயபுரம். அங்கே எங்கள் வீட்டுக்கு எதிரில் நிற்கும் அந்த வெள்ளை வேன், முன்பு ஒரு பனியன் கம்பெனிக்கு ஆள் ஏற்றி வந்த வண்டி. கம்பெனியின் பெயரை அழித்த இடம் மட்டும் இன்னும் வேறொரு வெள்ளையாகத் தெரிகிறது. இருக்கைகளைக் கழற்றி எறிந்துவிட்டு உள்ளே இரண்டு கட்டில்கள் போட்டிருக்கிறார்கள். ஒரு தண்ணீர்த் தொட்டி, பாத்திரம் வைக்க ஒரு மேடை, தலைக்கு மேல் ஒரு சின்ன மின்விசிறி, சூட்டுக் காற்று மேலே போவதற்குக் கூரையில் ஒரு திறப்பு. தெருக்காரர்கள் இதைக் கேரவன் என்கிறார்கள். மயிலாத்தாளுக்கு அந்தப் பெயர் பிடிப்பதில்லை. "கேரவன்னாக்க சினிமாக்காரங்களுதுங்க. நம்முளுது ஊடு."

ஊடுதான். ஆனால் தகர வீடு. ஏசி இருக்கிறது, எஞ்சின் ஓடினால்தான் அதுவும் ஓடும். வண்டியை நிறுத்திவிட்டால் வெயிலில் வைத்த டப்பா. அதற்குள் ஒரு மனிதரைச் சூடுபடாமல் வைத்திருப்பது எப்படி என்பதைத்தான் அவர் சில வருடங்களாகப் படித்துக்கொண்டிருக்கிறார். வெயில் ஏறியதும் அந்த வேனுக்கு அவர் உடுப்பு மாட்டிவிடுவதை என் வீட்டு ஜன்னலிலிருந்து பார்த்துப் பார்த்து, ஒருநாள் பொறுக்கமாட்டாமல் கேட்கப்போனேன். பழக்கம் அப்படித்தான் தொடங்கியது.

உடுப்பு என்று நான் சொன்னது உவமை இல்லை. மயிலாத்தாள் மண்ணரையில் ஒரு கம்பெனியில் சாம்பிள் டெய்லராக இருந்தவர். வெளிநாட்டுக்காரர்களுக்குக் காட்டுவதற்காக முதல் உருப்படியைத் தைத்துக் கொடுக்கிற வேலை. வேனின் ஒவ்வொரு கண்ணாடிக்கும் காகிதத்தில் அளவு எடுத்து, வெட்டி, வெள்ளி நிறத் தகட்டுத் தாளுக்குப் பின்னால் தடித்த பிளீஸ் துணி வைத்து, ஓரத்தில் எலாஸ்டிக் கொடுத்து உறை தைத்திருக்கிறார். பெயரும் தொழில் பெயர்தான். முன் கண்ணாடி 'ஃப்ரன்ட்', பின்கதவு 'பேக்', பக்க ஜன்னல்கள் 'கை', ஓட்டுநர் கதவருகே உள்ள முக்கோணக் கண்ணாடிகள் 'காலர்'.

"ஏனுங்க, எடது கை எங்கீங்க?" என்று வெளியே நின்று கத்துவார்.

"என்ர காலுக்கு அடியில கெடக்குது" என்று உள்ளிருந்து அவர் கணவர் கந்தப்பன் பதில் சொல்வார். தெருவில் போகிறவர்கள் திடுக்கிட்டு நின்று பார்ப்பார்கள்.

முதல் வருடம் உறைகளைக் கண்ணாடிக்கு உள்பக்கம் மாட்டியிருக்கிறார். "கண்ணாடிக்கும் துணிக்கும் நடுவுல கைய உட்டா, சுடுதண்ணில உட்ட மாதிரி இருந்துச்சுங்க. அப்பத்தான் புரிஞ்சுது. வெய்யல் கண்ணாடியத் தாண்டிருச்சுன்னா அப்புறம் அது நம்மூட்டு ஆளு. வெளியவே நிறுத்திப்போடோணும்." அத்தனையையும் பிரித்து வெளியே மாட்டுகிற மாதிரி மறுபடி தைத்தார். பிரித்துத் தைப்பதில் அவருக்கு அலுப்பே கிடையாது.

வண்டி நிறுத்தும் இடத்தில் அவர் நடப்பது பார்க்கத் தமாஷாக இருக்கும். மரத்தை நிமிர்ந்து பார்ப்பார், தரையைக் குனிந்து பார்ப்பார், சும்மா கிடக்கிற வெயிலில் போய் நின்றுகொள்வார். ஒரு கோயில் வாசலில் காவலாளி வந்து, "ஏம்மா, தோடு கீடு தொலைஞ்சுபோச்சா?" என்று கேட்டாராம். "இப்ப நெழலு எங்க இருக்குதுன்னு பாத்து நிறுத்தறவங்க மத்தியானம் வேகறவங்க. மத்தியானம் அது எங்க வருமோ அங்க நிறுத்தோணும்" என்பது மயிலாத்தாளின் கணக்கு.

வேனுக்குள் அடுப்பு கிடையாது. சமையல் எல்லாம் வெளியே, பச்சை நிழல்வலையைக் கட்டி அதன் அடியில்தான். சூடு சேரும் என்பதற்காக என்று நினைத்திருந்தேன். அது பாதிக் காரணம்தான்.

கந்தப்பன் ஒரு சாயப்பட்டறையில் பாய்லர் பார்த்தவர். சில வருடங்களுக்கு முன் அங்கே நீராவிக் குழாய் ஒன்று பிளந்துவிட்டது. மார்பு, முதுகு, இரண்டு கைகள் எல்லாம் வெந்துபோயின. தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டினார்கள். உயிர் பிழைத்தார். ஆனால் ஒட்டிய தோலுக்கு வேர்க்கத் தெரியாது. நமக்கு வேர்த்து ஆறுகிற உடம்பு அவருக்கு ஆறாது. சூடு உள்ளேயே நின்றுவிடும். மயக்கம்வரை போகும், அதற்கு மேலும் போகலாம் என்று டாக்டர் எச்சரித்திருக்கிறார். கொதிக்கும் பானையிலிருந்து ஆவி கிளம்பினால் கந்தப்பன் முகத்தைத் திருப்பிக்கொள்வதை நானே பார்த்திருக்கிறேன்.

மகள் யாழினியின் வளைகாப்புக்குச் சென்னைக்கு ஏசி பஸ்ஸில் கிளம்பினார்கள். சேலம் தாண்டியதும் ஏசி நின்றுவிட்டது. கந்தப்பனை இரண்டு பேர் தாங்கி இறக்கும்படி ஆயிற்று. அதன்பிறகு அவர் வீட்டில் ஏசி போட்ட ஒற்றை அறையை விட்டு வெளியே வரவில்லை. "மக வளைகாப்பப் போனுலதானுங்க பாத்தாரு. பாத்துப்போட்டுச் செவுத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டாரு" என்றார் மயிலாத்தாள். அடுத்த மாதம், ஐம்பது வயதைத் தாண்டியவர், டிரைவிங் ஸ்கூலில் போய்ச் சேர்ந்தார். கம்பெனி கழித்துக்கட்டிய வேனை வாங்கினார்.

"குளுகுளுன்னு ஊட்டில போய் இருந்துரலாமேக்கா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"ஊட்டிக்குப் போறதுன்னாலும் மேட்டுப்பாளையத்து வெய்யலத் தாண்டித்தானுங்களே கண்ணு போகோணும்?"

கந்தப்பன் நல்ல மனிதர். ஆனால் எதிலும் குறை கண்டுபிடிப்பவர். டீ ஆறிவிட்டது, பிரேக்கை இப்படியா மிதிப்பது, தலையணை கல்லு மாதிரி இருக்கிறது என்று ஓயமாட்டார். ஒருநாள் எனக்கே சங்கடமாகிவிட்டது. மயிலாத்தாள் என்னைத் தனியே கூட்டிப்போய்ச் சொன்னார்: "அவரு சண்ட போடற வரைக்கும் நான் நிம்மதியா இருப்பனுங்க. சூடு ஏறுச்சுன்னாத்தான் மனுசன் நல்லவராயிருவாரு."

போன சித்திரையில் அதை நேரில் பார்த்தேன். அமராவதி நகருக்குப் போகிறோம், வருகிறாயா என்று கூப்பிட்டார்கள். வெயில் ஏறுமுன் அணைக்கரை மரங்களுக்கு அடியில் போய்விடுவது திட்டம். பல்லடம் பக்கம் சாலையைத் தோண்டிப் போட்டிருந்ததால் சுற்றிக்கொண்டு போனோம். குடிமங்கலத்தைத் தாண்டியபோது பொழுது நன்றாக ஏறிவிட்டிருந்தது. எஞ்சினுக்குள் ஏதோ அடித்துக்கொள்ளும் சத்தம் கேட்டது. பெல்ட் அறுந்துவிட்டது. ஏசி நின்றது.

இறங்கிப் பார்த்தால், கண்ணுக்கெட்டிய தூரம் காற்றாலைகள். ஒதுங்க ஒரு மரம் இல்லை. மயிலாத்தாள் முதலில் பார்த்தது எஞ்சினை அல்ல; காற்றாலைகள் எந்தப் பக்கம் முகம் காட்டி நிற்கின்றன என்பதை. காற்று மேற்கிலிருந்து வந்தது. பெல்ட் இல்லாமல் ஓட்டக்கூடாது என்று தெரிந்தும், எஞ்சினைச் சில நொடிகள் ஓடவிட்டு வேனைச் சாலையோரத்தில் திருப்பி, பக்கக் கதவு காற்றைப் பார்க்கும்படி நிறுத்தினார். நான் ஃப்ரன்ட்டையும் காலரையும் எடுத்துக் கொடுக்க, அவர் மாட்டினார். கூரைத் திறப்பைத் திறந்தார். பெதப்பம்பட்டியில் தெரிந்த மெக்கானிக் ஒருவருக்குப் போன் போட்டார். பிக்கே துணியை நனைத்துக் கந்தப்பனின் மார்பில் விரித்தார். தேன்கூடு மாதிரி கண்ணுள்ள பின்னல் துணி அது. "மெல்லிசுத் துணி சீக்கிரம் காஞ்சுரும். தடிச்சது காத்த உடாது. இதுதான் ரெண்டுக்கும் நடுவாந்தரம்" என்றார், அந்த நேரத்திலும்.

"பெல்ட்ட மாத்து மாத்துன்னு அன்னிக்கே சொன்னேன். ஆரு கேக்கறா?" என்று படுத்தபடியே கந்தப்பன் ஆரம்பித்தார். மயிலாத்தாள் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

மெக்கானிக் வரவில்லை. வெயில் உச்சிக்கு வந்துகொண்டிருந்தது. உள்ளே வருகிற காற்றே அனலாக இருந்தது. தொட்டித் தண்ணீரை முகந்து முகந்து துணியை நனைத்ததில் தொட்டி வற்றி, குழாயில் சொட்டுச் சொட்டாகத்தான் வந்தது.

"தண்ணி குடிக்கறீங்களா?" என்று கேட்டார் மயிலாத்தாள்.

"சரி மயிலு."

"காலுக்குத் தலகாணி வெக்கட்டுங்களா?"

"உன் இஷ்டம் மயிலு. நீ செஞ்சா நல்லாத்தான் இருக்கும்."

மயிலாத்தாளின் முகம் வெளுத்துப்போனது. "கண்ணு, நூத்தியெட்டுக்குப் போடு" என்றார். போட்டேன். உடுமலையிலிருந்து வண்டி வருகிறது என்றார்கள். போனை வைத்துவிட்டுத் திரும்பினால், அவர் சாலையின் நடுவில் இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு நிற்கிறார். எதிரே ஒரு தண்ணீர் லாரி.

டயர் தேய லாரி நின்றது. டிரைவர் தெற்கத்திக்காரர். "ஏ யக்கா, சாவதுக்கு எம் வண்டிதான் கெடச்சுதா?" என்று கதவைத் திறந்துகொண்டு குதித்தார்.

"தண்ணி உடுங்க சாமி. என்ர ஊட்டுக்காரரு உள்ள இருக்காருங்க" என்றார் மயிலாத்தாள்.

டிரைவர் வேனுக்குள் எட்டிப் பார்த்தார். குழாயை இழுத்துவர ஓடினார்.

மயிலாத்தாள் பின்புற ஏணியில் ஏறினார். படுக்கை விரிப்பு, துண்டு, போர்வை, பிக்கே துணிச் சுருள் எல்லாவற்றையும் நான் கீழிருந்து எறிய, கூரைமேல் பரப்பி, காற்று வரும் பக்கத்தில் திறந்த கதவை மறைக்கும்படி தொங்கவிட்டார். கூரைத் தகரம் சுட்டிருக்கும். கால் மாற்றி மாற்றி நின்றார். "அடிங்க!" என்று கத்தினார். லாரிக்காரர் யானையைக் குளிப்பாட்டுகிற மாதிரி அந்த வேனைக் குளிப்பாட்டினார். மயிலாத்தாளும் சேர்ந்து நனைந்தார். ஈரத் துணிகளைத் தாண்டி உள்ளே போன காற்று சற்று நேரத்தில் வேறு காற்றாக மாறியது. நான் உள்ளே உட்கார்ந்து கந்தப்பனின் கால்களைத் துடைத்துக்கொண்டிருந்தேன். கூரைத் திறப்பின் வழியாகத் தண்ணீர் கட்டிலில் ஒழுகியது. மயிலாத்தாள் சொட்டச் சொட்ட வந்து என் பக்கத்தில் மண்டியிட்டு, அவர் நெற்றியில் புறங்கையை வைத்தார்.

எவ்வளவு நேரம் போயிற்றோ.

"மெத்த பூரா நனஞ்சுபோச்சு. இதுல இனி ஆரு படுக்கறது?" என்றது கந்தப்பனின் குரல்.

"நான் படுத்துக்கறனுங்க" என்றார் மயிலாத்தாள். ஈர முந்தானையில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். வாசலில் நின்ற லாரிக்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. மெத்தைக்காகவா இந்தம்மா அழுகிறார் என்பதுபோல என்னைப் பார்த்தார்.

ஆம்புலன்ஸ் வந்தபோது, அதை நிறுத்திய இடம் சரியில்லை என்று கந்தப்பன் வாதாடும் அளவுக்குத் தேறியிருந்தார். அதில் வந்தவர் நாடி பார்த்து, காய்ச்சல் பார்த்து, உப்புச் சர்க்கரைக் கரைசல் கொடுத்து, மெக்கானிக் வரும்வரை குளிர்ந்த ஆம்புலன்சுக்குள்ளேயே படுக்கவைத்தார். மெக்கானிக் வந்து பெல்ட் மாட்டியதும் எஞ்சின் கிளம்பி ஏசியும் ஓடத் தொடங்கியது. வண்டியை ராயபுரத்துப் பக்கம் திருப்பப் போனார் மயிலாத்தாள்.

"எங்க திருப்பற?" என்றார் கந்தப்பன்.

"ஊட்டுக்குத்தானுங்க."

"பாதி வழி வந்துபோட்டுத் திரும்பறதா? டேமுக்கு உடு."

மயிலாத்தாள் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி கண்ணாடியில் அவரையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தெற்கே திருப்பினார்.

அமராவதி நகரில் நாங்கள் இறங்கியபோது வெயில் தாழ்ந்து, அணைப் பக்கமிருந்து காற்று வீசிக்கொண்டிருந்தது. நிழல் பார்க்க அவர் சுற்றி நடக்கவில்லை. முதலில் தென்பட்ட மரத்தடியில் வண்டியை விட்டார். "ஒரே ஒரு நிமிசம் கண்ணு" என்று சொல்லி நனையாத கட்டிலில் சாய்ந்தவர் அப்படியே தூங்கிப்போனார். உள்ளங்கால் இரண்டும் சிவந்து கிடந்தன.

நான் டீ வாங்கப் போனேன். திரும்பி வந்து பார்த்தபோது, கந்தப்பன் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து, ஆவியில் வெந்ததிலிருந்து நன்றாக மடங்காத வலக்கையில் ஓர் அட்டைத் துண்டைப் பிடித்து மனைவிக்கு விசிறிக்கொண்டிருந்தார். தலைக்கு மேல் மின்விசிறி ஓடிக்கொண்டுதான் இருந்தது. நான் அதைச் சுட்டிக்காட்ட வாயெடுத்தேன். அவர் உதட்டில் விரலை வைத்து என்னை அடக்கிவிட்டு, அட்டையை இடக்கைக்கு மாற்றிக்கொண்டு விசிறினார்.